கழற்றிய லீவர்

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினோம். வாங்கினோம் என்பதிலும் பார்க்க, பேரம் பேசிப் பறித்தோம் என்பதே நேர்மையாகும். அந்தப் பேரத்திலே நாம் காட்டிய சாமர்த்தியத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பின்னால் வருவன யாவும் அதிலிருந்து பிறந்தவை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாய் வீழ்ந்தது. புதிய வண்டி என்பது ஆசிரியச் சம்பளத்தில் வாழ்பவனுக்குக் கனவிலும் எட்டாததாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் இருந்து வந்திறங்கிய ஹொண்டாக்கள், கோழிக்கூட்டுப் பக்கத்தில் சாக்கால் மூடிக் கிடந்தவை, திடீரென்று விலைமதிப்புள்ள சொத்துக்களாயின. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அப்படி ஒன்று விற்பனைக்கு உண்டென்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு, பஸ் ஏறிச் சென்றோம்.

வண்டியின் சொந்தக்காரர் முந்திய ஆண்டு இறந்துபோனார். மனைவிதான் விற்கின்றார். எண்பதுகளின் ஆரம்பத்து வண்டி, 125 வலுவுடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய பரம்பரையைச் சேர்ந்தது. ஆயினும் இயந்திரம் இரண்டாவது உதையிலேயே உயிர்பெற்றது. குறை ஒன்றே ஒன்று எமது கண்ணிற் பட்டது. இடது பக்கத்தில், கியர் மாற்றும் லீவர் இருக்கவேண்டிய இடத்தில், விகாரமான ஓர் இரும்பு தொங்கியது. முன்னே ஒரு நீண்ட கை, பின்னே வெளிப்புறமாக வளைந்த இன்னொரு கை. இரண்டின் முனையிலும் உள்ளங்கை அகலத்தில் தகடு. தகட்டின் மேல் ரயர் வெட்டி ஒட்டிய ரப்பர். தகட்டின் வெளியோரம் மேல்நோக்கி மடிக்கப்பட்டிருந்தது. ஒட்டு வைத்த இடங்களிலெல்லாம் இரும்பு பருப்பருவாகப் புடைத்து நின்றது.

அவர் 180,000 ரூபா கேட்டார். நாம் அந்த இரும்பைச் சுட்டிக்காட்டினோம். இடது பக்கம் முழுவதும் பழுது, இதைக் கழற்றிப் புதிது போடவேண்டும், தண்டும் போயிருக்கக்கூடும் என்றெல்லாம் அறிந்தவர் போலப் பேசினோம்.

"அது பழுதில்லை மாஸ்ரர். அவருக்கெண்டு செய்தது" என்றார் அந்த அம்மையார்.

அவர் சொன்னது எமது காதில் விழுந்தது. விழுந்தும், நாம் பேரத்தை நிறுத்தவில்லை. 15,000 ரூபா குறைந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

வண்டி ஓட்டாத வாசகருக்காக இங்கே ஒரு சிறு விளக்கம் வேண்டும். மோட்டார் சைக்கிளின் கியரை இடது காலாலே மாற்றுகின்றோம். சாதாரண லீவருக்கு முன்பக்கம் ஒரு கை மாத்திரமே உண்டு. அதைப் பாதத்தின் முன்பகுதியால் கீழே மிதிப்பது ஒரு செயல். பெருவிரலை அதன் அடியிலே கொடுத்து மேலே தூக்குவது மறுசெயல். தூக்குதல், மிதித்தல் இரண்டுக்கும் கணுக்கால் வேண்டும். கியர் விழுந்ததை உணர்வதற்குத் தோல் வேண்டும். நாம் இவற்றை நினைத்துப் பார்ப்பதில்லை. கால் இருப்பவன் காலை நினைப்பதில்லை.

புதிய சொத்தோடு எமது வாழ்வு ஒரு கிழமைகூட ஒத்துப்போகவில்லை. பின்பக்கத்துக் கை எமது குதிக்காலிலே சதா முட்டியது. பாடசாலைக்குத் திரும்பும் முடக்கில், கால் ஊன்றும் நினைவில்லாமலே குதியால் அதனை அழுத்திவிட்டோம். கியர் மாறிப் பின்சில்லு இழுபட்டு, வண்டி குறுக்கே திரும்பியது. எதிரே வந்த ஓட்டோக்காரர் எமது ஆசிரியத் தொழிலுக்கு மரியாதை தராத சொற்களிலே எம்மை விசாரித்தார். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் "டக்" என்று ஓர் ஓசை. குனிந்து பார்த்தோம். கால் வைக்கும் தண்டோடு சேர்த்து, லீவரின் முன்கைக்குக் கீழ் ஒன்றும் பின்கைக்குக் கீழ் ஒன்றுமாக இரண்டு போல்ற்றுகள் நின்றன. லீவர் இறங்கி அவற்றின் தலையிலே அடித்தது. இது ஏதோ தேவையற்ற ஒட்டுவேலை என்று தீர்மானித்து, அன்று மாலையே இரண்டையும் கழற்றினோம். அடுத்த நாள் பழைய இரும்பும் போத்தலும் வாங்க வந்தவரிடம் வேறு சாமான்களோடு அவையும் போயின.

சனிக்கிழமை, லீவரையே கழற்ற உட்கார்ந்தோம். வேலை சிறிது. இயந்திரத்தின் வயிற்றிலிருந்து ஒரு தண்டு வெளியே நீள்கின்றது. அதன் முனையைச் சுற்றி நுண்ணிய பற்கள். லீவரின் துளையிலும் அவற்றோடு பொருந்தும் பற்கள். துளையின் ஓரத்தில் ஒரு வெட்டு; அந்த வெட்டைக் குறுக்கே இறுக்குவது ஒரு போல்ற். அதைத் தளர்த்தினால் லீவர் கையோடு வந்துவிடும் என்பதே புத்தக ஞானம்.

போல்ற் அசையவில்லை. துரு அதனைச் சுற்றியிருந்த இரும்போடு ஒன்றாக்கியிருந்தது. இரவு முழுவதும் மண்ணெண்ணெய் ஊறவிட்டு, மறுநாட் காலையில் ஒரு சுற்றுத் திருப்பினோம். வெற்றி கண்ட மகிழ்ச்சியில் சுத்தியலை எடுத்து லீவரை வெளிப்புறமாகத் தட்டினோம். வரவில்லை. பலமாகத் தட்டினோம். வரவில்லை. அடி ஒன்று தவறித் தண்டின் மேலேயே விழுந்தது. சற்று நேரத்தில் தண்டு வெளிவரும் இடத்திலே கறுத்த எண்ணெய் துளிர்த்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் நாம், நெம்புகோலின் மூவகையையும் கரும்பலகையிலே கோடு தவறாமல் வரையும் நாம், முற்றத்து மண்ணிலே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம், தகரக் கூரையும் பூவரச மர நிழலும் கொண்ட ஒரு சிறு கராஜ். அதன் உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். அவரை நாம் அண்ணை என்றே அழைப்போம். அவர் எமது வண்டியைப் பார்த்துவிட்டு எம்மைப் பார்த்தார்.

"அடிச்சனியளோ?"

"கொஞ்சம் தட்டினனான் அண்ணை."

"கொஞ்சமோ!" என்றார். பிறகு அவர் செய்த முதல் வேலை, நாம் ஒரு சுற்றுத் தளர்த்திய அதே போல்ற்றை முழுவதுமாக உருவி வெளியே எடுத்ததுதான். தண்டின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கின்றது. போல்ற் அந்தப் பள்ளத்தினூடாகவே செல்கின்றது. அதை முற்றாக எடுக்காமல் எத்தனை அடி அடித்தாலும் லீவர் வராது. அடி முழுவதும் உள்ளே இருக்கும் நுட்பமான உறுப்புக்களையே சென்று தாக்கும். தண்டு வளைந்தால் இயந்திரத்தையே பிளக்க வேண்டும். எமது நற்பேறு, வளையவில்லை. எண்ணெய் தடுக்கும் ரப்பர் வளையம் மாத்திரம் கிழிந்திருந்தது. அவர் தட்டை உளியை வெட்டிலே வைத்து மெல்ல அகட்டி, இரண்டு கையாலும் லீவரைச் சற்று ஆட்டி இழுத்தார். வந்துவிட்டது.

கையில் வந்த இரும்பை அவர் உடனே கீழே வைக்கவில்லை. துணியால் துடைத்தார். வெளிச்சத்திற் பிடித்தார். துளைக்குள்ளே விரலை விட்டு எதையோ உருவினார். நகத்தின் அகலத்தில் ஒரு தகரத் துண்டு. ஒரு பக்கத்தில் மஞ்சள் நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. பால்மாத் தகரம்.

ஒரு பழைய சுவடியை வாசிப்பவரைப் போல அவர் அந்த இரும்பை வாசிக்கத் தொடங்கினார். அவர் சொன்னவற்றையும், பின்னர் அந்த அம்மையாரிடம் நாம் கேட்டு அறிந்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றோம்.

2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியிலே பெரும் போர் நடந்தது. சாவகச்சேரி நகரம் இடிந்து தரைமட்டமாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்தனர். 2002 இல் போர்நிறுத்தம் வந்ததும் ஊர் திரும்பினர். துப்பாக்கிகள் ஓய்ந்தன, நிலம் ஓயவில்லை. இரு தரப்பாரும் விதைத்த மிதிவெடிகள் வளவுகளிலும் பனங்கூடல்களிலும் காத்திருந்தன. இந்த வண்டியின் சொந்தக்காரர் தம் வளவின் வேலியடியைத் துப்புரவாக்கும்போது இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். சமாதானம் வந்த ஆண்டிலேதான் அவருக்குப் போர் வந்தது.

அவர் மீன் வியாபாரி. விடியப் பாசையூருக்கோ குருநகருக்கோ போய் மீன் எடுத்து, பெட்டியிலே கட்டி, ஊரூராகக் கூவி விற்பவர். வண்டி இல்லையேல் தொழில் இல்லை. செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. யாழ்ப்பாணத்திலே எண்பதுகளின் பிற்பகுதி தொடக்கம் பலருக்கும் பொருத்தப்பட்டு வரும் ஜெய்ப்பூர் கால்தான்.

அந்தக் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரிலே அது உருவானபோது அதனை ஆக்கியவர்கள் இருவர்: மருத்துவர் பி. கே. சேத்தி ஒருவர், கைவினைஞர் இராம் சந்திர சர்மா மற்றவர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நாற்காலியில் உட்கார்பவனுக்காகச் செய்யப்பட்டது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவனுக்கும் நிலத்திலே குந்துபவனுக்கும் உதவும் பாதத்தை ரப்பரிலே வார்த்தெடுத்தது அந்தக் கைவினைஞரின் கை. 1981 இல் மக்சேசே விருது மருத்துவருக்குச் சென்றது. மருத்துவர் தகுதியானவரே. எனினும் கைவினைஞரின் பெயரை எமது மாணவரில் எத்தனைபேர் அறிவர்?

ஜெய்ப்பூர் கால் மீன் வியாபாரியை நடக்கவைத்தது. கியர் மாற்ற அது போதவில்லை. அதற்கு எமது கணுக்காலைப் போன்ற அசைவு இல்லை. பாதத்தை லீவரின் அடியிலே கொடுத்துத் தூக்குவதற்குத் தொடையிலிருந்தே முழுக் காலையும் தூக்கவேண்டும். அடியிலே சரியாகப் புகுந்ததா என்று உணரவும் வழியில்லை. ஆகவே தூக்கும் வேலையையே ஒழித்துவிட வேண்டும். முன்னே மிதித்தால் ஒரு பக்கம், பின்னே மிதித்தால் மறுபக்கம். இரண்டும் மிதித்தலே. அதற்காகத்தான் பின்பக்கத்துக் கை. சைக்கிள் பெடல் கோக்கும் தண்டை வெட்டி அதைச் செய்திருந்தார்கள். இரட்டைக் கை லீவர் ஹொண்டாவுக்குப் புதியதன்று. சில வண்டிகளுக்கு நிறுவனமே போட்டு அனுப்புவதுண்டு. ஆயின் இந்த இரும்பின் மற்றைய விஷயங்களை எந்த நிறுவனமும் செய்ததில்லை.

"இந்த முன்கை ஏன் இவ்வளவு நீளம் எண்டு பாருங்கோ மாஸ்ரர்."

நாம் உடனே விடை சொன்னோம். கை நீண்டால் பலம் மிச்சம்; இதைத்தான் எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்களில் படிப்பிக்கின்றோம். அவர் தலையை அசைத்தார்.

"பலம் அந்தாளிட்டைக் கனக்க இருந்தது. முழுத் தொடையாலையும் மிதிக்கிற ஆள். குறைஞ்சது அளவு. எவ்வளவு மிதிக்கிறன் எண்டு தெரியாது. கை நீண்டால் கால் அரை அடி இறங்கினாலும் தண்டு கொஞ்சம்தான் திரும்பும்."

பத்தாண்டுகளாக நாம் நெம்புகோலைப் பலத்தின் கணக்காகவே படிப்பித்து வந்தோம். பெரிய அசைவைச் சிறிய அசைவாக ஆக்குவதும் அதன் மறுபக்கம் என்று சமன்பாட்டிலே எழுதியிருந்தோம். ஒரு மனிதனின் காலோடு சேர்த்து நினைத்ததில்லை.

பின்கை வெளிப்புறமாக வளைந்திருந்தது, செயற்கைக் கால் சற்றே வெளியே வீசி வருவதால். தகட்டின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது, உணர்ச்சியற்ற பாதம் வழுக்கி விழாதிருக்க. முதல் ஒட்டு நல்ல கைகாரருடையது; 2002, 2003 அளவிலே வைத்ததாயிருக்கும். இரண்டாவது ஒட்டு அவசரத்திலே வைத்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டிலே சாமான்களுக்குப் பஞ்சம். லீவரின் பற்கள் தேய்ந்துவிட்டன. புதிதாக வாங்க வழியில்லை. பால்மாத் தகரத்தை வெட்டித் தேய்ந்த பற்களுக்கிடையிலே செருகி அடித்து இறுக்கியது அந்தக் காலமாக இருக்கவேண்டும். போல்ற்றிலே ஏறிய துரு, பெட்டியிலிருந்து பல்லாண்டு வடிந்த மீன் தண்ணீரின் உப்பு.

பேச்சின் நடுவே அவர் திடீரென்று கால் வைக்கும் தண்டைத் தடவிப் பார்த்தார். இரண்டு வெறுந் துளைகள்.

"இதிலை ரண்டு போல்ற் நிண்டிருக்கவேணுமே, எங்கை?"

சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. கியர் விழுந்ததை எங்கள் பாதம் சொல்லும்; அந்த மனிதருக்குச் சொல்ல எதுவுமில்லை. ஆகவே காது சொல்லட்டும் என்று செய்த ஏற்பாடு அது. லீவர் போகவேண்டிய தூரம் போனதும் போல்ற்றின் தலையிலே மோதி "டக்" என்னும். அதோடு அந்தப் போல்ற், தொடையின் முழுப் பலமும் இயந்திரத்தின் உள்ளுறுப்பிலே இறங்காமல் தானே தாங்கிக்கொள்ளும். இரைச்சல் என்று நாம் எறிந்தது அந்த மனிதரின் பாதத்தின் உணர்ச்சியை.

இங்கே ஒரு சங்கதி எமது நினைவுக்கு வந்தது. எமது தந்தையர் காலத்து பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் போன்ற ஆங்கில வண்டிகளிலே கியர் வலது காலில் இருந்தது. பிரேக் இடது காலில். அதற்கும் முன், 1920களில், பெற்றோல் தாங்கியின் ஓரத்திலே நின்ற தடியைக் கையாலே தள்ளிக் கியர் மாற்றினார்கள். 1970களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்கா, தன் சந்தையில் விற்கும் வண்டிகளுக்குக் கியர் இடது காலிலேயே இருக்கவேண்டும் என்று விதித்தது. பெரிய சந்தை சொன்னதை உலகத்துத் தொழிற்சாலைகள் யாவும் கேட்டன. எந்தக் கால் எதைச் செய்யவேண்டும் என்பது இயற்கை வகுத்ததன்று, விற்பனை வகுத்தது. அப்படி வகுக்கப்பட்ட அளவுக்குள் அடங்காத உடம்பைக் கொண்டவன், தகரக் கூரையின் கீழிருக்கும் ஓர் ஒட்டுக்காரனைத் தேடிப் போகின்றான். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது, நல்ல காரியம். மிதிவெடியில் கால் போனவன் மீன் விற்கப் போவதற்கான லீவர் எந்த உடன்படிக்கையின் எந்தப் பந்தியில் வருகின்றது என்பதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

புதிய லீவர் போடும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1,800 ரூபாவுக்கு ஒன்று வாங்கினோம். ஹொண்டாவின் பெயர் பொறிக்கப்படாதது. தண்டின் பற்களைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, ரப்பர் வளையத்தை மாற்றி, கிறீஸ் பூசி, லீவரை ஏற்றினார். ஒரு பல் மேலே ஏற்றினால் பெருவிரல் வசதியாகப் புகும், ஆனால் மிதிக்கும்போது கணுக்கால் நோகும். ஒரு பல் கீழே இறக்கினால் சப்பாத்து அடியிலே புகாது. எம்மை இருக்கையில் உட்காரவைத்து, காலைப் பார்த்து, மூன்று முறை கழற்றி மாட்டினார். எமது காலுக்கும் அளவு பார்த்தே லீவர் போடவேண்டியிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

பழைய லீவரை எமது பைக்குள் வைக்கப் போனோம்.

"அதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள்?"

விஞ்ஞானக் கூடத்தில் வைக்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றோம். ஒரு சிறு அட்டையிலே எழுதவேண்டிய வாசகங்களையும் மனத்துக்குள் எழுதத் தொடங்கியிருந்தோம்.

"பளைப் பக்கம் ஒரு பொடியன் இருக்கிறான். தென்னந்தோட்டத்திலை வேலை. இடது கால் இல்லை. குனிஞ்சு கையாலை கியர் மாத்திக்கொண்டு ஓடுறான். ரண்டு தரம் விழுந்திட்டான்" என்றார். மேலதிகமாக எதுவும் சொல்லவில்லை. அட்டை எமது மனத்துக்குள்ளேயே கிழிந்தது.

ஆனால் கொடுப்பதற்கு நாம் யார்? அன்றே கொடிகாமத்துக்கு அப்பால் அந்த வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னோம். சொல்லிவிட்டு 15,000 ரூபாவையும் எடுத்து வைத்தோம். அம்மையார் முதலிலே பணத்தைப் பார்த்து, விளங்காமல் எம்மைப் பார்த்தார்.

"அந்த லீவரைக் காட்டி நான் குறைச்ச காசு, அக்கா. அது பழுதில்லை எண்டு நீங்கள் அண்டைக்கே சொன்னியள்."

பெருந்தன்மையாக மறுப்பார் என்று எமது உள்ளத்தின் ஒரு மூலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. எண்ணினார். எண்ணி, சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டார். "மகளின்ரை ரியூசன் காசு மூண்டு மாதம் நிக்குது" என்றார். பிறகு, "பொடியனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். முப்பதுக்குள் என்றோம். "குடுங்கோ. இவர் அதை இரவிலை எண்ணெய் போட்டுத் துடைச்சுத்தான் படுப்பார். அவனையும் அப்பிடிச் செய்யச் சொல்லுங்கோ" என்றார். மூன்றாவது உதையிலும் வண்டி எழும்பாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதையும் எமக்குச் சொல்லித் தந்தார். இவ்வளவையும் வாங்கும்போதே அவரிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பளையிலிருந்து அந்த இளைஞன் வந்தான். அவனுடைய வண்டியும் ஹொண்டாதான். தண்டின் அளவும் ஒன்று. பழைய லீவரின் பற்களோ முற்றாகத் தேய்ந்துபோனவை. அண்ணை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வாளை எடுத்து, அந்த லீவரின் நடுவை அறுக்கத் தொடங்கினார். நாம் எம்மை அறியாமலே "ஐயோ" என்றோம். அவர் நிமிரவில்லை. தேய்ந்த நடுவை எறிந்துவிட்டு, இன்னுமொரு 1,800 ரூபா லீவரின் நடுவோடு இரண்டு கைகளையும் ஒட்டினார். அதற்கு நாமே காசு கொடுத்தோம். அதையும் அவர் மறுக்கவில்லை. இளைஞனின் கால் நீளமானது. பின்கையை இரண்டு விரற்கடை பின்னே தள்ளி ஒட்டவேண்டியிருந்தது. அவன் உட்கார்ந்து பார்ப்பதும், இறங்குவதும், அண்ணை தட்டி வளைப்பதுமாகப் பகல் கழிந்தது. நாம் எறிந்த இரண்டு போல்ற்றுகளுக்குப் பதிலாகப் பெட்டியைக் கிளறி வேறு இரண்டைத் தேடி எடுத்து, உயரம் பார்த்து, நட்டுப் போட்டு இறுக்கினார்.

மாலை நாலரை மணியளவில் அவன் வண்டியைத் தெருவிலே இறக்கினான். அண்ணை கையைத் துடைத்தபடி பூவரச மரத்தடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வண்டி புறப்பட்டது. டக். மதகடி தாண்டும்போது இன்னுமொரு டக். மூன்றாவது சத்தம் வரச் சற்றுத் தாமதமாயிற்று. அவர் கண்ணைத் திறந்தார். சந்திக்கு அப்பால், மிகத் தொலைவில், அதுவும் கேட்டது.